உடற்பருமன் அறுவைக்குப் பின் விருந்துணவு

உடற்பருமன் அறுவை சிகிச்சை என்பது இரைப்பையைச் சுருக்கியோ, சிறுகுடலில் உணவு செல்லும் வழியை மாற்றியோ உடல் எடையைக் குறைக்கும் மருத்துவ முறையாகும். இது அமெரிக்காவில் 1950களில் உருவானது. இச்சிகிச்சை பெற்றவர்கள் விருந்து நாட்களில் எதை, எவ்வளவு, எந்த வரிசையில் உண்ண வேண்டும் என்று இன்று சொல்லப்படும் விதிகள் பெரும்பாலும் இந்த அறுவையின் வரலாற்றிலிருந்து பிறந்தவை.

நன்றி நவிலல் நாள்

அமெரிக்காவின் பெரிய குடும்ப விருந்து நவம்பர் மாதத்து நன்றி நவிலல் நாளில் நடைபெறுகிறது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார். நவம்பரின் நான்காம் வியாழன் என்பது 1941இல் சட்டமானது. முழுதாகச் சுட்ட வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், கிரான்பெரிச் சாறு, பம்ப்கின் பை எனப்படும் பூசணி இனிப்பு ஆகியவை அன்றைய மேசையில் இடம்பெறும். வயிறு நிறைய உண்பதும் மறுமுறை கேட்டு வாங்குவதும் சமைத்தவருக்குச் செய்யும் மரியாதையாகக் கருதப்படுகின்றன.

விருந்தை மாற்றாத அறுவை

தொடக்கக்கால அறுவை இந்த விருந்தில் கை வைக்கவில்லை. 1954இல் மின்னசோட்டாவைச் சேர்ந்த கிரெமென், லின்னர் முதலியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி, அதன் தொடக்கத்தைக் கடைப்பகுதியுடன் நேராக இணைக்கும் முறையை வெளியிட்டனர். பின்னர் பேனும் டிவின்டும் பரவலாக்கிய வடிவில், சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் மட்டுமே உணவு செல்லும் பாதையில் இருந்தது. உண்பதைக் குறைக்காமலே எடை குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கற்கள், ஊட்டச்சத்துக் குறைபாடு, சிலருக்கு உயிரைப் பறித்த கல்லீரல் செயலிழப்பு ஆகியவை தொடர்ந்தன. பலருக்கு மறு அறுவை செய்து குடலை மீண்டும் இணைக்க நேர்ந்தது. 1980களில் இம்முறை கைவிடப்பட்டது.

பக்கவிளைவு துணையானது

1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் வேறு வழியை எடுத்தார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்துபோவதும், இழந்த எடையை மீண்டும் பெற இயலாமல் இருப்பதும் மருத்துவர்கள் அறிந்ததே. அதை அடிப்படையாகக் கொண்டு அவரும் சிகாஷி இட்டோவும் இரைப்பை பைபாஸ் முறையை உருவாக்கினர். இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலுடன் இணைக்கப்பட்டது. சாதாரண இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். இன்றைய பைபாஸ் பையின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர்.

இரைப்பை அறுவைக்குப் பழைய பக்கவிளைவு ஒன்றும் உண்டு. இனிப்பு உணவு விரைந்து குடலில் விழுவதால் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுவலி தோன்றும். இதை 1913இல் ஆர்தர் ஹெர்ட்ஸ் விவரித்தார். 1922இல் மிக்ஸ் இதற்கு 'டம்பிங்' என்று பெயரிட்டார். உண்ட அரை மணி நேரத்துக்குள் இது வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து வருவதும் உண்டு.

1980இல் மேசன் இரைப்பையைக் கட்டுப்பட்டையால் குறுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். மென்மையான இனிப்புகள் அந்தக் குறுகிய வழியில் எளிதாக நழுவின. 1987இல் ஹார்வி சுகர்மன் குழுவினர் வெளியிட்ட ஒப்பாய்வில், இனிப்பு அதிகம் உண்போருக்கு பைபாஸே கூடுதல் எடை குறைத்தது. முன்பு தொல்லையாகக் கருதப்பட்ட டம்பிங், இனிப்பைத் தடுக்கும் காவலாகவும் பார்க்கப்பட்டது.

மேசையில் இன்று

இன்றைய விதிகளில் இந்த வரலாறு தெரிகிறது. பை சிறியது என்பதால் புரதம் முதலில் உண்ணப்படுகிறது. வான்கோழியின் மார்புக் கறி உலர்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே குழம்புச் சாறில் நனைத்து, சிறு துண்டுகளாக நன்கு மென்று விழுங்குவர். உணவோடு நீர் பருகுவதில்லை. சுமார் அரை மணி நேரம் கழித்தே பருகுவர். இனிப்பை ஓரிரு சிறு வாய்களோடு நிறுத்துவர், அல்லது தவிர்ப்பர். பைபாஸுக்குப் பின் மது விரைவாகவும் கடுமையாகவும் ஏறும். விருந்து நாளென்று வைட்டமின் மாத்திரைகளை விடலாகாது.

விதிகளைவிடக் கடினமானது மேசையின் வழக்கம். 'இன்னும் கொஞ்சம்' என்ற உபசரிப்புக்கு இணங்கிப் பையை மீறி உண்டால் வலியும் வாந்தியும் வரும். மறுத்தால் சமைத்தவர் மனம் நோகும். அறுவையை உறவினரிடம் மறைத்தவருக்கு இச்சங்கடம் இரட்டிப்பாகிறது. எனவே முன்னதாகவே வீட்டாரிடம் ஒருவரிடமாவது சொல்லிவைப்பதும், சிறு தட்டில் தாமே பரிமாறிக்கொள்வதும், மீதியை மறுநாளுக்கு எடுத்துச் செல்வதும் வழக்கமாகியுள்ளன. விருந்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் மாற்ற முயன்ற முதல் அறுவை தோற்றது. பின்வந்தவை நிலைத்ததற்கு, உண்பவரின் தட்டும் உடன் இருப்போரின் உபசரிப்பும் சேர்ந்தே மாற வேண்டியிருந்தது.