முதுகில் ஏறிய கம்பிகளின் கதை

நாக்பூரில் எங்கள் குடியிருப்பில் பதினொரு தமிழ்க் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு கடன் வாங்கும் சாக்கில் பேசுவதில் முக்கால்வாசி ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் உடம்பைப் பற்றித்தான். சர்க்கரை, கண், முட்டி எல்லாம் பேசி முடித்து இப்போது முதுகுக்கு வந்திருக்கிறோம். "ஸ்க்ரூ வைக்கணுமாம்." "சின்ன ஓட்டை போட்டு கிளிப் மாதிரி எதையோ சொருகிடுவாங்களாம், மறுநாளே நடக்கலாமாம்." ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சரி, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் பிள்ளை. பணம் அனுப்ப வேண்டியவனும் அவனேதான்.

பி.காம் முடித்து வங்கியில் குப்பை கொட்டும் எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ஒரு சரக்கு எங்கே பிறந்தது, யார் கை மாறியது, என்ன விலைக்கு மாறியது என்று தேடிப் படிக்கத் தெரியும். அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் இது. வைத்திய ஆலோசனை இல்லை, வெறும் வரலாறு.

முதுகெலும்பைக் கம்பியால் கட்டலாம் என்று முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் பெர்த்தோல்ட் ஹாட்ரா. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவர். கழுத்தெலும்பு உடைந்த ஒருவருக்கு, எலும்பின் பின்பக்க முள் போன்ற நீட்டல்களைச் சுற்றி வெள்ளிக் கம்பியால் கட்டினார். அதை 1891ல் வெளியிட்டார். அதே வேலையை முதுகெலும்புக் காசநோய்க்கும் செய்யலாம் என்பது அவர் எண்ணம். அந்தக் காலத்தில் முதுகு கூனிப் போவதற்கு பெரிய காரணம் காசம்தான். 1911ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸும் ஃப்ரெட் ஆல்பியும் தனித்தனியாக இன்னொரு வழி கண்டார்கள். கம்பி இல்லாமல், எலும்பையே எலும்போடு ஒட்டி வளரவிடுவது. ஆல்பி காலெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து முதுகில் பதித்தார். மாதக்கணக்கில் படுத்த படுக்கை, மாவுக்கட்டு எல்லாம் உண்டு.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் ஊர் சம்பந்தப்பட்டது, சொல்லாமல் போக மனம் வரவில்லை. காசநோய் முதுகுக்குக் கத்தி தேவையா என்ற கேள்விக்கு முக்கியமான பதில்களில் ஒன்று சென்னையிலிருந்து போனது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம், வெளிநோயாளிகளாக மருந்து மட்டும் சாப்பிட்டவர்களையும், மருந்தோடு பெரிய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1999ல் வெளியான பத்தாண்டு முடிவுகளில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களிலும் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். அதற்கு முன்பே காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் துலி, 1975ல், மருந்தை முதலில் கொடு, தேவைப்பட்டவருக்கு மட்டும் கத்தியை எடு என்று ஒரு 'நடுவழி'யை எழுதியிருந்தார். எந்த நோய்க்காகக் கம்பி யோசிக்கப்பட்டதோ, அந்த நோயில் பலருக்குக் கம்பியே வேண்டாம் என்று ஆயிற்று.

ஆனால் கம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தது இளம்பிள்ளை வாதம்.

பால் ஹாரிங்டன் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். போர் முடிந்து ஹூஸ்டனில் மருத்துவராக அமர்ந்தபோது போலியோ வார்டு நிறையக் குழந்தைகள். முதுகுத் தசை செத்துப்போனதால் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, நெஞ்சுக்கூடு நசுங்கி, மூச்சு திணறும் குழந்தைகள். மூச்சே சிரமம் என்றால் உடம்பு முழுக்க மாவுக்கட்டு எப்படிப் போடுவது? அதனால் உள்ளேயே ஒரு முட்டுக் கொடுக்க நினைத்தார். 1947ல் திருகாணி வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு இரண்டு கொக்கிகள், நடுவே பல்சக்கரம் போல் வெட்டுள்ள எஃகுக் கம்பி. கார் ஜாக்கி எப்படிப் படிப்படியாக ஏறுமோ அப்படி முதுகை நிமிர்த்தும்.

முதலில் அவர் கம்பியை மட்டும் வைத்தார், எலும்பை ஒட்டவைக்கவில்லை. கம்பிகள் ஒடிந்தன, கொக்கிகள் கழன்றன. இது ஏன் என்று புரிய பொறியியல் வேண்டாம். எங்கள் கிளையில் வவுச்சர் கட்டுக்குப் போடும் ஜெம் கிளிப்பை எடுத்து இப்படியும் அப்படியும் பத்து முறை வளையுங்கள், கையோடு வந்துவிடும். உயிருள்ள முதுகு ஒரு நாளைக்கு எத்தனை முறை வளைகிறது! ஆக, கம்பி போட்டாலும் கூடவே எலும்பு ஒட்ட வேண்டும், ஒட்டும் வரைதான் கம்பி தாங்கும். எங்கள் பாஷையில் சொன்னால் கம்பி என்பது பிரிட்ஜ் லோன். எலும்பு வந்து கணக்கை முடிக்கும் வரை ஓட்டுவதற்கு. 1962ல் 129 நோயாளிகளின் விவரத்தோடு அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, அடுத்த இருபது வருடம் முதுகு வளைவு என்றால் ஹாரிங்டன் கம்பிதான்.

மெக்சிகோவின் எட்வர்டோ லூக்கேயைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும். அவரிடம் வந்தவர்கள் ஏழைகள், தூரத்திலிருந்து வருபவர்கள். வெயிலில் மாவுக்கட்டோடு இருக்கவும் முடியாது, திரும்பத் திரும்ப வரவும் முடியாது. அதனால் 1970களில் ஒவ்வொரு எலும்பிலும் கம்பி கட்டி, வெளிக்கட்டே தேவைப்படாதபடி செய்தார். பாரிஸில் ருவா-கமீய் என்பவர் 1963லேயே முதுகெலும்பின் உறுதியான தூண் பகுதி வழியாகத் திருகாணியை முன்புறம் வரை செலுத்தியிருந்தார். இன்று நம் வீடுகளில் 'ஸ்க்ரூ' என்று சொல்வது இந்த வம்சம்தான்.

திருகாணியின் கதையில் கோர்ட்டும் உண்டு. கிளீவ்லண்டின் ஆர்தர் ஸ்டெஃபி 1980களில் ஆக்ரோமெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி விற்றார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த உபயோகத்துக்கு அனுமதி தரவில்லை, ஆனாலும் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைக் கிளப்ப, வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆக்ரோமெட் பத்து கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 1998ல் அந்த அமைப்பே திருகாணியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. (எல்லாவற்றையும் விட எனக்கு ஆச்சரியம் இந்த வரிசைதான். முதலில் பழக்கம், அப்புறம் வழக்கு, கடைசியில் அனுமதி!)

திருகாணி வைக்க முதுகை நீளமாகப் பிளந்து தசையை எலும்பிலிருந்து உரிக்க வேண்டியிருந்தது. அந்தத் தசை பழையபடி ஆவதில்லை. மெம்ஃபிஸின் கெவின் ஃபோலி 2001ல் இதற்கு ஒரு வழி எழுதினார். குழாய் வழியாகத் திருகாணிகளை இறக்கி, வெளியே நிற்கும் வில் போன்ற கையை ஆட்டினால் கம்பி தசைக்குள்ளேயே போய்த் திருகாணித் தலைகளில் உட்காரும். சின்ன ஓட்டை என்ற பேச்சு பெரிதாகப் பரவியது இந்தக் காலத்தில்தான்.

இப்போது அந்த 'கிளிப்' விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகம் படிக்க வைத்தது.

நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் பென்ஷன்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? இப்போது செல்போனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றாலும் பலர் நேரில்தான் வருகிறார்கள். சிலர் வரிசையில் ஐந்து நிமிடம் நேராக நின்றால் கால் மரத்துப்போகும். கவுண்டர் விளிம்பில் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்தவுடன் முகம் தெளியும். உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. சைக்கிள் மிதிப்பார்கள், நடக்க முடியாது. நரம்பு போகும் பாதை குறுகியதன் அடையாளம் இது. நேராக நிமிர்ந்தால் உள்ளே இருக்கும் தசைநார் மடிந்து பாதையை அடைக்கும், குனிந்தால் இழுபட்டு வழி விடும். ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்து நரம்பு அறுவை நிபுணர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954ல் இதைத் தெளிவாக எழுதினார். வைத்தியம், பாதையை அடைக்கும் எலும்பையும் தசைநாரையும் செதுக்கி எடுப்பது.

சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் சுக்கர்மன், கென் ஷூ என்ற இரண்டு மருத்துவர்கள் யோசித்தார்கள். குனிந்தால் சரியாகிறது என்றால், அந்த ஒரு எலும்பு இணைப்பை மட்டும் கொஞ்சம் குனிந்த நிலையிலேயே நிறுத்திவிட்டால் என்ன? ஹாட்ரா கம்பி கட்டிய அதே முள் நீட்டல்களுக்கு நடுவே டைட்டானியத்தில் ஒரு நீள்வட்டக் கட்டை. நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் இறக்கை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சொருகலாம். நரம்புப் பக்கமே போக வேண்டாம். பெயர் எக்ஸ்-ஸ்டாப். இதயம் பலவீனமான, மயக்க மருந்து தாங்காத எண்பது வயதுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

2005ல் வெளியான ஆய்வில் 191 பேர். எக்ஸ்-ஸ்டாப் வைத்தவர்களில் 60 சதவீதத்துக்கு வலி முதலான உபாதைகள் குறைந்தன, ஊசி மருந்து மாத்திரையோடு விட்டவர்களில் 18 சதவீதத்துக்கு மட்டும். அந்த வருடம் நவம்பரில் அமெரிக்க அனுமதி. 2007 ஜனவரியில் கைஃபான் நிறுவனம் இதைத் தயாரித்த செயின்ட் ஃபிரான்சிஸ் நிறுவனத்தை வாங்கியது, முன்பணம் மட்டும் 52.5 கோடி டாலர். அதே வருட முடிவில் மெட்ரானிக், கைஃபானையே ஏறக்குறைய 390 கோடி டாலருக்கு வாங்கியது (அதில் உடைந்த எலும்பைப் பலூன் வைத்து உயர்த்தும் முறைக்குத்தான் பெரும்பங்கு).

கணக்குப் பிள்ளையாக ஒரு கேள்வி. ஒப்பீடு யாரோடு? ஊசி, மாத்திரையோடு. பழைய செதுக்கல் அறுவை சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது பிறகுதான். சுவீடனில் 100 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள், 2013ல் முடிவு வந்தது. வலி குறைவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் மறுபடி அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் எக்ஸ்-ஸ்டாப் பக்கம் 26 சதவீதம், செதுக்கல் பக்கம் 6 சதவீதம். அதே வருடம் வெர்பீஸ்டின் நாடான ஹாலந்தில் இன்னொரு வகைக் கட்டையை 159 பேரிடம் பார்த்ததிலும் 29க்கு 8. கட்டை வைத்த சிலருக்கு முள் நீட்டலே விரிசல் விட்டது. ஹாரிங்டனுக்காவது பின்னால் எலும்பு வளர்ந்து கடனை அடைத்தது. இங்கே அடைக்க யாரும் இல்லை, வயதான எலும்பு காலம் முழுக்க அந்தக் கட்டையைத் தாங்க வேண்டும்.

பெரிய திருகாணி வேலையின் கணக்கும் இதற்குச் சளைத்ததில்லை. அமெரிக்க முதியோர் காப்பீட்டு விவரங்களை வைத்து 2010ல் வந்த ஆய்வு ஒன்று, இதே நோய்க்கு வெறும் செதுக்கல் என்றால் மருத்துவமனைக் கட்டணம் சராசரி 23,724 டாலர், பல எலும்புகளைச் சேர்த்து ஒட்டும் சிக்கலான முறை என்றால் 80,888 டாலர் என்றது. 2002லிருந்து 2007க்குள் அந்தச் சிக்கலான முறை பதினைந்து மடங்கு கூடியிருந்தது. நோயாளிகளின் முதுகு ஐந்து வருடத்தில் பதினைந்து மடங்கா கெட்டுப்போயிருக்கும்? 2016ல் சுவீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு, பாதை குறுகிய முதியவர்களுக்குச் செதுக்கலோடு எலும்பை ஒட்டவைப்பதால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூவே மோசடி என்று யாரும் கிளம்ப வேண்டாம். எலும்பு நொறுங்கியவருக்கும், முதுகு வளைந்த குழந்தைக்கும், கட்டி அரித்த எலும்புக்கும் அது இல்லாமல் முடியாது. எந்த நோய்க்கு என்பதுதான் கேள்வி.

எக்ஸ்-ஸ்டாப் விற்பனையை மெட்ரானிக் 2015ல் நிறுத்தியது. அதே 2015ல் சுப்பீரியன் என்ற அடுத்த தலைமுறைக் கட்டைக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. இது குழாய் வழியாக மூடிய குடை மாதிரி உள்ளே போய், போனபின் இறக்கையை விரிக்கும். அதைத் தயாரித்த நிறுவனத்தை 2019ல் பாஸ்டன் சயின்டிஃபிக் 46.5 கோடி டாலர் முன்பணத்துக்கு வாங்கியது.

விற்பனை நின்றுபோனாலும், முன்பே வைத்தது முதுகில்தான் இருக்கிறது. பத்து வருடம் கழித்து எம்.ஆர்.ஐ எடுக்கப் போனால் உள்ளே இருப்பது என்ன, எந்தக் கம்பெனி, எந்த உலோகம் என்று கேட்பார்கள். உறையில் வரும் ஸ்டிக்கரை ஆஸ்பத்திரியில் பில்லோடு ஒட்டிக் கொடுப்பார்கள், காப்பீட்டுக்கு அனுப்பும்போது அது கையைவிட்டுப் போய்விடும். அனுப்புவதற்கு முன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஊரில் அம்மாவின் ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவிலும் மற்றதை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.