சோபாவும் சுஃப்பாவும்

19ஆம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலம் கற்க விரும்பியவர் பெரும்பாலும் பாதிரிமாரின் பள்ளிக்கே செல்ல வேண்டியிருந்தது. பிள்ளையின் ஈமான் பறிபோய்விடுமோ என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அது வீண் அச்சமன்று. அப்பள்ளிகளில் வேதாகமமும் பாடமாகவே இருந்தது. ஆயினும் ஆட்சியின் மொழி ஆங்கிலமாக இருந்தமையால், தம் வழக்கின் காகிதத்தையே பிறரிடம் கொடுத்துப் பொருள் கேட்கும் நிலை நம்மவர்க்கு நேர்ந்தது. வழக்கறிஞராக இருந்த அறிஞர் சித்திலெப்பை இந்த இழப்பை நன்கு அறிந்தவர். 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ கல்வியையே திரும்பத் திரும்ப வலியுறுத்தியது.

யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவ, ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் அரை மாதத்திற்குள் அதைக் கற்றார்கள் என்று திர்மிதியில் வருகிறது. பிறர் மொழியை அறிவது நமக்குப் புதிதன்று.

1883 ஜனவரியில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா தம் தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கினார். ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்ட அவரே, 1892இல் மருதானையில் ஸாஹிரா தோன்றியபோது அதற்குத் துணை நின்றார். உடன் வந்த கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி, இத்தீவில் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலமும் கற்றார்.

அரபு அறிந்த ஒருவர் ஆங்கிலச் சொற்களினூடே நடந்தால் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும். ‘டாரிஃப்’ என்பது அறிவிப்பைக் குறிக்கும் தஃரீஃபிலிருந்து வந்தது. ‘அட்மிரல்’ என்பதில் அமீர் இருக்கிறார். கூடவே ‘அல்’ என்ற எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘சோபா’வோ துருக்கி வழியே சென்ற சுஃப்பா. மஸ்ஜிதுந் நபவியில் ஏழைத் தோழர்கள் தங்கிக் கல்வி கற்ற அந்த நிழலிடத்தின் பெயர், இன்று வரவேற்பறையின் மெத்தை இருக்கைக்கு!

எனினும் மூலத்தை மட்டும் நம்பினால் மாணவன் வழி தவறுவான். ‘மேகஸீன்’ என்றதும் அரபு அறிந்தவருக்குக் கிடங்கு என்ற பொருளில் மஹ்ஸன் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் முதலில் பொருள் இருப்புக்கும் பிறகு வெடிமருந்து அறைக்கும் வழங்கிய அச்சொல்லை, 1731இல் லண்டனில் தொடங்கிய ‘ஜென்டில்மன்ஸ் மேகஸீன்’ தன் பெயராக்கிக்கொண்டது. அன்றுதொட்டு அது பருவ இதழையும் குறிக்கிறது. கிடங்கா, வெடிமருந்தா, இதழா என்பதை அந்த வாக்கியத்தை முழுதும் படித்தே அறிய வேண்டும். மூலச்சொல் அங்கே உதவாது.