துருவின் சாட்சி – 11: பின்னால் இரண்டு சக்கரம்

சென்ற வாரம் கொட்டகைக் கதவைத் திறந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். ‘உள்ளே என்னதான் இருந்தது?’ என்று கேட்டுப் பல வாசகர்கள் கடிந்துகொண்டார்கள். இனியும் இழுத்தடிக்கவில்லை, வாருங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அதன் வடகிழக்குப் பகுதியில் பாட்மின் மூர் என்ற மேட்டு நிலம். மழை, மூடுபனி, ஓயாத காற்று. இரும்பை வைத்துப் பாதுகாக்க இதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். அங்கே, அந்தக் கொட்டகையில்தான் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எட்டு மோட்டார் சைக்கிள்கள் கிடந்தன. சில ஓரளவு முழுதாக, சில பாகம் பாகமாக. மேலே தூசி, பழைய உதிரிகள், வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள்.

எட்டும் ஒரே கம்பெனியின் வண்டிகள்: ப்ரஃப் சுப்பீரியர். அந்தப் பெயர் தெரிந்தவர்களுக்கு இது போதும், மூச்சு நின்றுவிடும். ஆனால் அந்தக் குவியலில் ஒரு வண்டி மட்டும் ப்ரஃப் தெரிந்தவர்களையே இரண்டாம் முறை பார்க்க வைக்கும். அதற்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஆட்டோ ரிக்‌ஷாவைப் போல அகன்று நிற்கும் சக்கரங்கள் அல்ல. ஒரே அச்சில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நிற்கும் சக்கரங்கள். நடுவில் ஒரு சிறிய இடைவெளி.

அந்த இடைவெளி எதற்கு? அதைச் சொல்ல நாட்டிங்ஹாம் நகருக்குப் போக வேண்டும்.

ஜார்ஜ் ப்ரஃப் 1890-ல் பிறந்தவர். அப்பா வில்லியம் ப்ரஃபும் மோட்டார் சைக்கிள் செய்தவர்தான். அப்பாவின் வண்டிகள் நல்லவை, அடக்கமானவை. மகனுக்கு அடக்கம் என்றாலே ஆகாது. 1919-ல் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு அதே ஊரில் தனிக் கம்பெனி தொடங்கினார். பெயர் ‘ப்ரஃப் சுப்பீரியர்’. அப்படியானால் என்னுடையது மட்டமோ என்று அப்பா முணுமுணுத்ததாகக் கதை உண்டு. நான் அதை நம்புகிறேன்.

ஜார்ஜின் கம்பெனி தனக்கென ஓர் எஞ்சினை வடிவமைத்து எண்ணிக்கையில் செய்து விற்றதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஜே.ஏ.பி., மேட்ச்லெஸ் என்று பிறரிடம் எஞ்சின் வாங்கினார். கியர்பாக்ஸும் வெளியில் வாங்கியதே. எதை எதனோடு சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது, சேர்த்ததை எப்படிச் சோதிப்பது என்பதில்தான் அவர் மேதை. 1924-ல் வந்த எஸ்.எஸ்.100 வண்டிக்கு மணிக்கு 100 மைல் ஓடும் என்று எழுத்து மூலம் உத்தரவாதம் கொடுத்தார். விலை சுமார் 170 பவுண்டு. ஒரு தொழிலாளியின் ஓராண்டுக் கூலியையே விழுங்கிவிடும் தொகை.

ஒரு பத்திரிகையாளர் அவருடைய வண்டியை ‘மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ்’ என்று எழுத, ஜார்ஜ் அதை அப்படியே விளம்பரத்தில் போட்டுக்கொண்டார். ரோல்ஸ் ராய்ஸ் ஆள் விசாரிக்க வந்தாராம். தொழிலாளர்கள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து, சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டாராம். கண்காட்சிக்குப் போகும் வண்டிகளின் பாலிஷில் விரல் ரேகை படியக்கூடாது என்பதற்காக அன்று மட்டும் மாட்டிய கையுறை அது என்றும் சொல்வார்கள். ஜார்ஜின் விளம்பர மூளையைப் பார்க்கும்போது எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

1919 முதல் 1940 வரை அவர் செய்தது மொத்தமே சுமார் 3,000 வண்டிகள். அவற்றில் நம் மூன்று சக்கர விசித்திரம் வெறும் பத்து!

1931-ன் இறுதியில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் அது முதன்முதலாக மேடையேறியது. அந்தக் காலத்தில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போக விரும்பிய பலர் காரை நினைக்கவில்லை, மோட்டார் சைக்கிளோடு சைடுகார் சேர்த்துக்கொண்டார்கள். மனைவி சைடுகாரில், பெட்டி படுக்கை பின்னால். இந்தப் பாரத்தை அதிராமல், சத்தமில்லாமல், நாள் முழுக்க இழுக்க ஓர் எஞ்சின் வேண்டும். ஜார்ஜ் கண் வைத்தது மோட்டார் சைக்கிள் எஞ்சின் எதன்மீதும் அல்ல. அன்று இங்கிலாந்து முழுக்க ஓடிக்கொண்டிருந்த சின்னக் கார், ஆஸ்டின் செவன். நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின். ஆஸ்டின் கம்பெனியிடமிருந்தே அதை வாங்கி, சிலிண்டர் போரைப் பெரிதாக்கி, 747 சி.சி.யை ஏறத்தாழ 800 சி.சி. ஆக்கிக்கொண்டார்.

எஞ்சினோடு காரின் கியர்பாக்ஸும் வந்தது. அதோடு சேர்ந்து வந்தது சிக்கலும். மோட்டார் சைக்கிளில் செயின் ஒரு பக்கமாக ஓடும், சக்கரம் நடுவில் நிற்கும். காரின் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டோ நேராக நடுவில் பின்னோக்கிப் போகிறது, அதாவது சக்கரம் இருக்க வேண்டிய அதே இடத்துக்கு. தண்டை வளைத்துப் பக்கவாட்டில் கொண்டுபோனால் எடை கூடும், சக்தி வீணாகும். வேறொருவராக இருந்தால் திட்டத்தையே கைவிட்டிருப்பார். ஜார்ஜ் தண்டை அதன் போக்கில் விட்டுவிட்டார். சக்கரத்தை இரண்டாக்கி, தண்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக மாட்டினார். நாம் கேட்ட இடைவெளிக்கு விடை இதுதான்.

வண்டியின் பெயர் பி.எஸ்.4. நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடிபடும் பி.எஸ்.4 அல்ல, அதற்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

காரின் கியர்பாக்ஸ் என்பதால் இதில் ரிவர்ஸ் கியரும் உண்டு. சைடுகார் பூட்டிய வண்டியைத் திருப்ப அது பெரிய வசதி. ஆனால் ஹூபர்ட் சான்ட்ரி என்ற நெடுந்தூரப் போட்டிக்காரர் சைடுகாரே இல்லாமல் இந்த வண்டியை ஓட்டினார். லண்டனின் பிக்காடில்லி சர்க்கஸ் சந்திப்பைச் சுற்றி ரிவர்ஸிலேயே ஒரு வலம் வந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பாட்மின் கொட்டகையில் கிடந்தது அந்த சான்ட்ரியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் வண்டிதான்.

அப்பேர்ப்பட்டது எப்படிக் குப்பைக்குள் போனது?

1940-ல் ஜார்ஜ் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்தினார். தொழிற்சாலை போர் விமான எஞ்சின்களுக்குப் பாகம் செய்யப் போனது. போர் முடிந்தும் அவர் திரும்பவில்லை. 1959-ல் மினி கார் வந்ததும் சைடுகார் காலமும் முடியத் தொடங்கியது. மழையில் நனையாமல் நான்கு பேர் போகலாம் என்றால், யார் இந்தப் பெரிய இரும்புகளைக் கட்டி மாரடிப்பார்கள்? ப்ரஃப் வண்டிகள் மலிவாகக் கைமாறின. 1960-களில் ஒருவர் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். எல்லாவற்றையும் ஒருநாள் சரிசெய்யப்போகிறோம் என்று நினைத்திருப்பார். அந்த ஒருநாள் வரவில்லை. எட்டு வண்டிகளையும் அப்படியே விட்டுவிட்டு அவர் காலமானார்.

சரி, ஐம்பது ஆண்டு உறங்கிய எஞ்சினை எப்படி எழுப்புவது? முதல் பாடம், எழுப்பாதீர்கள். கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போமே என்று கை துறுதுறுக்கும். அந்த ஒரு சுற்றில் போர், ரிங், வால்வு மூன்றும் போய்விடலாம்.

கடைசியாக நிறுத்திய நாளில் நான்கு சிலிண்டர்களும் ஒரே நிலையில் நிற்பதில்லை. சிலவற்றில் வால்வுகள் மூடியிருக்கும், ஒன்றிரண்டில் திறந்திருக்கும். மூடியவற்றில் பழைய எண்ணெய்ப் படலம் ஓரளவு காப்பாற்றும். திறந்தவற்றில் கார்ன்வாலின் ஈரக் காற்று ஐம்பது ஆண்டும் போய் வந்திருக்கும். ஆகவே ஒரே எஞ்சினில் ஒரு சிலிண்டர் கண்ணாடியாகவும், பக்கத்துச் சிலிண்டர் பிஸ்டனும் போரும் ஒன்றாகத் துருப்பிடித்து இறுகியும் இருக்கும். 1960-களில் எஞ்சினை நிறுத்தியவரின் கை எந்த இடத்தில் ஓய்ந்ததோ, அதுவே எந்தச் சிலிண்டர் பிழைக்கும் என்று தீர்மானித்துவிட்டது.

பிளக்கைக் கழற்றி, துருவிலும் ஊடுருவும் மெல்லிய எண்ணெயை ஊற்றி, வாரக்கணக்கில் விட வேண்டும். பிறகு ஃபிளைவீலை முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவில்லையா? மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு.

ஆஸ்டின் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பவை. மேலே இருக்கும் ஹெட் வெறும் மூடிதான், கழற்றுவது சுலபம் என்று புத்தகம் சொல்லும். புத்தகம் எழுதியவர் புது வண்டியை மனதில் வைத்து எழுதினார். அலுமினிய ஹெட்டின் வழியே எஃகு போல்ட் போகிறது என்று வையுங்கள். இரண்டு உலோகம், நடுவில் ஈரம், ஐம்பது ஆண்டு. அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். ஆத்திரப்பட்டு முறுக்கினால் போல்ட் ஒடியும், நெம்பினால் ஹெட் விரியும்.

அதைவிட நயவஞ்சகமான ஓர் ஆபத்தும் உண்டு. ஆஸ்டின் செவன் கிராங்குக்கு எண்ணெய் அழுத்தத்தோடு போவதில்லை. இரண்டு சிறு ஜெட்கள் பீய்ச்ச, சுழலும் கிராங்க் தன் துளைகளில் அதை ஏந்திக்கொள்கிறது. பழைய எண்ணெயின் கசடு அந்தத் துளைகளுக்குள் தார் போல உறைந்திருக்கும். வெளியே எல்லாம் பளபளவென்று துடைத்து, எஞ்சினும் ஓடத் தொடங்கி, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு, எண்ணெய் எட்டாத பேரிங் ஒன்று தேய்ந்து ஒலி எழுப்பும். அப்போது காலம் கடந்திருக்கும். கிராங்கை வெளியே எடுத்துக் குடையாமல் எஞ்சினை ஓட்டிக் காட்டுபவரை நம்பவே கூடாது.

மெக்கானிக்குகள் இந்த வேலைகளை எப்படியும் முடித்துவிடுவார்கள். இவற்றையெல்லாம் செய்யத்தான் வேண்டுமா என்பதில்தான் சேகரிப்பாளர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். பி.எஸ்.4 பத்தில் எட்டு மிஞ்சியிருந்தன. மற்ற ஏழும் பிரித்து, தேய்த்து, புது வண்ணம் பூசி ஒளிர்ந்தன. கொட்டகையிலிருந்து வெளிவந்தபோது கைபடாமல் எஞ்சியிருந்தது இது ஒன்றே. ஜார்ஜின் ஆட்கள் பூசிய கறுப்பு எனாமல், பிறகு ஓட்டியவர்கள் போட்ட ஒட்டு, எல்லாம் துருவுக்கு அடியில் அப்படியே இருந்தன. சரிசெய்ய நேரமில்லாமல் போன அந்தச் சேகரிப்பாளர், தேர்ந்த கைவினைஞர் பலரைவிட அதிகமாக இந்த வண்டியைக் காப்பாற்றினார் என்பேன். ஓடாத வண்டி வெறும் இரும்பு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கும் உண்டு. எஞ்சினின் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சரிசெய்யட்டும், வெளித்தோலைத் தொடாதீர்கள் என்பதே என் கட்சி.

2016 ஏப்ரல். ஸ்டாஃபர்டு நகரில் பான்ஹாம்ஸ் ஏலம். துரு ஏறிய பி.எஸ்.4-க்கு எதிர்பார்த்த விலை 80,000 முதல் 1,20,000 பவுண்டு. அதுவரை ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போன பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளும் ஒரு ப்ரஃப்தான், 1929-ன் எஸ்.எஸ்.100, விலை 3,15,100 பவுண்டு. சுத்தியல் விழுந்து கணக்கு முடிந்தபோது ஓடாத, உட்கார முடியாத, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த இந்த வண்டி 3,31,900 பவுண்டுக்குப் போயிருந்தது.

துருவுக்கு இத்தனை விலையா என்று கேட்பவர்களை அந்த ஏலத்திலிருந்து 81 ஆண்டுகள் பின்னே அழைத்துப் போகிறேன். 1935 மே 13, டார்செட் மாவட்டத்தின் ஒரு கிராமச் சாலை. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி.இ.லாரன்ஸ் தன் ஏழாவது ப்ரஃப் சுப்பீரியரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் அதே திசையில் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அடுத்த கணம் அவர் சாலையில் கிடந்தார். ஆறாம் நாள் உயிர் பிரிந்தது. மே 21-ல் நடந்த விசாரணையில் ஒரு ராணுவ கார்ப்பரல், லாரன்ஸ் வேகமாக வந்தார், அவர் கடந்து போன ஒரு கறுப்புக் காரைப் பார்த்தேன் என்றார். சிறுவர்களோ எந்தக் காரையும் பார்க்கவில்லை என்றார்கள்.

லாரன்ஸ் எந்த வேகத்தில் வந்தார் என்பதற்கு ஒரு சாட்சி மிச்சம் இருந்தது, விழுந்து கிடந்த அந்த மோட்டார் சைக்கிள். மோதிய நொடியில் அதன் கியர் எந்த இடத்தில் சிக்கி நின்றதோ, அது கார்ப்பரலின் வாக்குமூலத்தையே புரட்டிப் போடக்கூடியது. ஆனால் அந்த வண்டியைச் சரிசெய்து விற்றுவிட்டார்கள்.

அதற்கு முன் கியரைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

(அடுத்த வாரம்)