ஒரு லேப்டாப், மூணு பைத்தான்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ‘திண்டுக்கல்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தி, ண், டு, க், க, ல். மொத்தம் 6. பைத்தான் 2-இடம் சாதாரணமாகக் கேட்டால் 33 என்று சொல்லும். பைத்தான் 3-இடம் கேட்டால் 11. ஒரே மெஷினில் ரெண்டும் இருந்தால், பதில் சொல்வது யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்றைய எபிசோட் அந்தச் சண்டையைப் பற்றியது.

முதலில், யார் பதில் சொல்வது என்பது எப்படி முடிவாகிறது? 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ‘பாத்’ என்ற ஏற்பாடு இருந்தது. அது ஃபோல்டர்களின் வரிசை, அவ்வளவுதான். நீங்கள் ஒரு கமாண்ட் அடித்தால், அந்த வரிசையில் முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதுதான் ஓடும். பின்னால் அதே பெயரில் இன்னும் நாலு பேர் நின்றாலும் கண்டுகொள்ளாது. இன்றைக்கு லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாமே ஏறக்குறைய இந்த முறையில்தான் இயங்குகின்றன.

2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3 வெளியானது. பழைய ப்ரோக்ராம்கள் பல இதில் ஓடாது என்று தெரிந்தே வெளியிட்டார்கள். பெரிய காரணங்களில் ஒன்று எழுத்து. பைத்தான் 2-க்குச் சாதாரண சரம் என்றால் பைட்டுகளின் வரிசை. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ‘திண்டுக்கல்’ என்பது யூனிகோடில் 11 குறியீடு, ஏனென்றால் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. 11 பெருக்கல் 3, அதுதான் அந்த 33. பைத்தான் 3 குறியீடுகளை எண்ணும். நாம் எண்ணுவது போல 6 என்று வர, ‘ஓப்பன்-தமிழ்’ மாதிரி ஒரு லைப்ரரி வேண்டும். ஆனாலும் 33-லிருந்து 11-க்கு வந்ததே தமிழுக்குப் பெரிய விஷயம்.

அதற்கான விலை, பல வருஷம் ரெண்டும் ஒரே மெஷினில் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. பைத்தான் 2-க்கு 2015-ல் விடை கொடுப்பதாக இருந்தார்கள். பிறகு அதை 2020 வரை தள்ளிவைத்தார்கள். 2010-ல் ஆர்ச் லினக்ஸ் ‘பைத்தான்’ என்ற கமாண்டை 3-க்குக் கொடுத்தது. டெபியன் 2019 வரைக்கும் 2-க்கே வைத்திருந்தது. அதே 2019-ல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் 3 வந்தது. புத்தகத்தில் இருக்கும் ‘இன்புட்’ வரியை டெபியனில் ‘பைத்தான்’ என்று அடித்து ஓட்டி, பெயர் கேட்கும்போது முருகன் என்று கொடுத்தால் அப்போது எரர் வந்தது. ஏனென்றால் பைத்தான் 2 அதைப் பெயராகப் பார்க்காமல் ஒரு வேரியபிளாக நினைத்துத் தேடும். மாணவர் மேல் தப்பே இல்லை.

இப்ப என் கதை. 2017, திண்டுக்கல், எங்க வீடு. என் லேப்டாப்ல உபுண்டு 16.04. அதுலயே 2.7-ம் 3.5-ம் இருந்துச்சு. ப்ராஜெக்டுக்காக நான் 3.6 போட்டேன். பிப்-ல போட்ட லைப்ரரி எல்லாம் 3.5-க்குள்ள போய் உட்கார்ந்துச்சு; 3.6 ‘அப்படி ஒண்ணு இல்லையே’ன்னுச்சு. கடுப்பாகி, ‘3.5 எதுக்கு?’ன்னு அதை நீக்கச் சொன்னேன். கூடவே என்னென்ன போகும்னு நீளமா ஒரு பட்டியல் காட்டுச்சு. படிக்காம ‘ஒய்’ அடிச்சேன். ரீஸ்டார்ட் பண்ணா டெஸ்க்டாப்பே இல்லை, கறுப்புத் திரைதான். உபுண்டுவோட பாதி வேலை அந்த 3.5-ஐ நம்பித்தான் ஓடுதுன்னு அப்பதான் புரிஞ்சுது. மணிக்கூண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல பென்டிரைவ்ல உபுண்டுவை ஏத்திட்டு வந்து, முதல்லேருந்து போட்டேன். ப்ராஜெக்டுல பாதி போச்சு.

நான் பண்ண தப்பு, எது ஜெயிக்கணும்னு யோசிச்சதுதான். தீர்வு கண்டவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: ஏன் பங்கு போட வேண்டும்? 2007-லேயே இயன் பிக்கிங் ‘விர்ச்சுவல்என்வ்’ எழுதினார். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் அதற்கான லைப்ரரிகள். அதை ஆக்டிவேட் செய்தால் பாத் வரிசையில் அந்த ஃபோல்டர் முன்னால் வந்து நிற்கும். 1979-ன் அதே விதிதான், சண்டையை உண்டாக்கியதும் தீர்த்ததும். 2012-ல் பைத்தான் 3.3 இதை ‘வென்வ்’ என்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. பைத்தானின் பதிப்பையே ப்ராஜெக்டுக்கு ஒன்றாக மாற்ற ‘பைஎன்வ்’ வந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேராக எதையும் போட வந்தால் மறுத்துவிடும். எனக்கு 6 வருஷம் லேட்டா வந்த பூட்டு!

எங்க ஊர் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. பூட்டுக்காரங்க ஊர்லேருந்து ஒரு யோசனை: சிஸ்டம் பைத்தானைப் பூட்டி வைங்க, தொடாதீங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ‘விச் ஹைஃபன் ஏ பைத்தான்’ அடிச்சு, வரிசையில் யார் யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. பிப்-ஐத் தனியாகக் கூப்பிடாமல் ‘பைத்தான் ஹைஃபன் எம் பிப்’ என்று கூப்பிட்டால், எந்தப் பைத்தானை ஓட்டுகிறீர்களோ அதற்குள்தான் லைப்ரரி போகும். அப்புறம், பட்டியல் ஏதாவது காட்டினா, ‘ஒய்’ அடிக்கிறதுக்கு முன்னாடி படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.