குதிரை நோயைக் கண்டறிந்த மலீன் சோதனை

மோட்டார் வண்டி தோன்றுமுன் ஐரோப்பிய நகரங்களின் பாரத்தையும் படைகளின் பாரத்தையும் சுமந்து நின்றது குதிரையே. அவ்வினத்தை வாட்டிய கொடும் பிணிகளுள் ஒன்று கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய். மூக்கிலிருந்து சளி வடியும்; தாடையின் கீழ் நெறி கட்டும்; நாசியினுள்ளும் தோலிலும் புண்கள் தோன்றும். இக்குறிகள் வெளிப்பட்ட குதிரையை எவரும் விலக்கிவிடுவர். நோயை உள்ளடக்கிக்கொண்டு, நலமுள்ளது போல் உழைத்து, பொதுத் தண்ணீர்த் தொட்டியில் வாய்வைத்துச் செல்லும் குதிரையே பெருங்கேடு விளைத்தது.

கேடு குதிரையோடு நின்றதுமில்லை. இந்நோய் மனிதரையும் தொற்றுமென்பதைப் பாரிஸ் வைத்தியர் ரேயர் 1837 இல் எடுத்துக்காட்டினார். இலாயத்தில் உழைப்போரும் மிருக வைத்தியரும் இதற்கு இரையாயினர்.

1882 இல் பேர்லினில் லொப்லரும் ஷுற்சும் நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தனர். 1890 இல் கொக் என்னும் அறிஞர் கசநோய்க் கிருமியிலிருந்து ரியூபர்க்குளின் என்ற திரவத்தை ஆக்கினார். அவ்வழியைப் பின்பற்றி, இரசியப் பேரரசின் மிருக வைத்தியர்களான ஹெல்மனும் கல்னிங்கும் கிளாண்டர்ஸ் கிருமியை வளர்த்து, அதனின்றும் மலீன் என்னும் திரவத்தைப் பெற்றனர். நலமுள்ள குதிரைக்கு அதனை ஏற்றினாற் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. நோயுற்ற குதிரைக்கோ காய்ச்சல் எழும், ஊசியிட்ட இடம் வீங்கும். மறைந்திருந்த நோய் இவ்வாறு வெளிப்பட்டது. ஆயின், அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கல்னிங் அந்நோயே தொற்றி 1891 இல் உயிர்துறந்தார்.

பிற்காலத்தில் குதிரையின் கீழிமைத் தோலில் 0.1 மில்லிலீற்றர் மலீனை ஏற்றி, இரு நாட்களின் பின் பார்க்கும் முறை வழக்காயிற்று. இமை வீங்கிக் கண்ணிற் பீளை வடியின் அக்குதிரை கொல்லப்படும்.

நேற்றுவரை வண்டியிழுத்த தன் குதிரை ஓர் இமை வீக்கத்தின் பொருட்டுக் கொல்லப்படுவதை ஏழை வண்டிக்காரன் எங்ஙனம் பொறுப்பான்? நட்டஈடு கிடையாதெனின் அவன் நோயை மறைக்கவும், குதிரையை அயலூரில் விற்றுவிடவும் துணிதல் இயல்பே. ஆதலின், சோதனையோடு நட்டஈடும் சேர்ந்தாலன்றி நோயொழிப்பு நிறைவேறாது. சோதித்தல், கொல்லுதல், இலாயத்தைத் துப்புரவாக்குதல் என்பவற்றை விடாது கைக்கொண்ட பிரித்தானியா 1928 இல் நோயினின்றும் விடுபட்டது.

ஆசியாவின் சில பகுதிகளில் இந்நோய் இன்றும் தலைகாட்டுகின்றது. எனவே, குதிரைகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லுமுன் அவற்றின் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். கண்ணுக்கு நலமாய்த் தோன்றுவதெல்லாம் நலமன்று என்பதை மனிதன் உயிர்விலை கொடுத்தே கற்றான். அப்பாடத்தை மறவாதிருப்பதே கல்னிங் போன்றோர்க்குச் செய்யும் நன்றியாகும்.