சிலுவைகிரியிலிருந்து ஆசீர்வனம் வரை: கெங்கேரி ஆசீர்வாதப்பர் மடமும் அதன் பெயர்களும்

பெங்களூருவின் தென்மேற்கே, மைசூர்ச் சாலையில் அமைந்த கெங்கேரியில் உள்ளது ஆசீர்வனம் என்னும் கத்தோலிக்கத் துறவுமடம். இம்மடத்தின் தொடக்கம் தமிழ்நிலத்தில் என்பது பலரும் அறியாதது. பெல்ஜியத்தின் புரூஜ் நகரை அடுத்த புனித அந்திரேயா மடத்தின் வழியில், 1947இல் சேலத்திற்கு அருகே தோன்றிய சிலுவைகிரி மடமே 1957இல் கெங்கேரிக்கு இடம்பெயர்ந்தது. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளிச் சாந்திவனத்திற்கு ஆய்வாளரிடையே கிடைத்த கவனம் இதற்குக் கிட்டவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூல் 73 இயல்களைக் கொண்டது. அதன் 58ஆம் இயல், மடம் புகுவோர் நிலைபேற்றுக்கு உறுதிமொழி தரவேண்டும் என்கிறது. புகுந்த மடத்திலேயே இறுதிவரை வாழ்வது இதன் பொருள். மழைக்காலம் நீங்கலாக ஓரிடத்தில் தங்காது திரிதலை அறமாகக் கொண்ட சமணத் துறவோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். ஆயினும் தென்னகத்தில் இம்மரபின் வரலாறு பெரிதும் இடப்பெயர்ச்சியின் வரலாறாகவே அமைந்துள்ளது. இங்கிலாந்தின் பிரிங்க்நாஷ் மடத்துத் துறவி பீட் கிரிபித்ஸ் 1955இல் பெனடிக்ட் ஆலப்பாட்டுடன் இந்தியா வந்து கெங்கேரியில் தங்கினார். 1958இல் பிரான்சிஸ் மாகியுவுடன் கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். 1968இல் சாந்திவனம் சேர்ந்து, 1993இல் அங்கேயே மறைந்தார். சாந்திவனத்தை 1950இல் மொன்ஷனேனுடன் நிறுவிய அபிஷிக்தானந்தரும் பிரான்சின் கெர்கொனான் மடத்திலிருந்து வந்தவரே.

இம்மடங்களின் பெயர்கள் தனித்து ஆராயத்தக்கன. சிலுவைகிரி, குரிசுமலை ஆகிய இரண்டிற்கும் பொருள் ஒன்றே. ஆனால் சிலுவை என்பது சிரியாக் மொழியின் 'சிலீவா' வழியே வந்தது. குரிசு போர்த்துக்கீசியர் தந்த சொல். முன்னதில் வடசொல்லாகிய கிரியும், பின்னதில் திராவிடச் சொல்லாகிய மலையும் இணைந்துள்ளன. இடம் மாறியபோது மலை மறைந்து வனம் வந்தது. இது வெறும் நிலவியல் மாற்றம் அன்று. பெனடிக்ட் என்னும் இலத்தீன் பெயர் ஆசி பெற்றவர் எனப் பொருள்படும். அதனாலேயே தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஆசீர்வாதப்பர் என வழங்குகின்றனர். 'ஆசீர்வாதம்' போன்றே புணர்ந்த 'ஆசீர்வனம்' நிறுவுநரின் பெயரை உள்ளடக்கியதாகவே தோன்றுகிறது. சிலுவை என்ற வெளிப்படையான சமயக்குறி பெயரிலிருந்து நீங்க, அறிந்தோர்க்கு மட்டும் புலப்படும் குறிப்பு அவ்விடத்தைப் பெற்றது. சாந்திவனத்தின் முறையான பெயராகிய சச்சிதானந்த ஆசிரமமும், திரித்துவத்தை வேதாந்தச் சொல்லால் சுட்டும் இத்தகைய பெயரே.

கெங்கேரி வழியே ஓடும் விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது; அர்க்காவதி காவிரியைச் சேர்கிறது. அக்காவிரியின் கரையில்தான் தண்ணீர்ப்பள்ளி இருக்கிறது.