காவலுக்கு எதிரானது: அனஃபிலாக்சிஸ் என்ற சொல்லின் வரலாறு

நெப்டியூன் என்ற நாய்க்குக் கடல் அனிமோனின் நஞ்சுச்சாறு முதன்முறை செலுத்தப்பட்டபோது நோய் எதுவும் தோன்றவில்லை. 22 நாட்களுக்குப் பின், நல்ல உடல்நலத்துடன் இருந்த அந்த நாய்க்கு அதே அளவு சாறு மீண்டும் செலுத்தப்பட்டது. சில நொடிகளில் மூச்சுத் திணறியது. நிற்க முடியாமல் சரிந்து விழுந்தது. இரத்தம் கக்கி, 25 நிமிடங்களில் இறந்தது.

சோதனையை நடத்திய சார்ல் ரிஷே, போல் போர்த்தியே இருவரும் இதை எதிர்பார்க்கவில்லை. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக்கப்பலில் ஃபிசாலியா என்ற கடலுயிரியின் நஞ்சை ஆராயத் தொடங்கியவர்கள், பிரான்சுக்குத் திரும்பியபின் எளிதில் கிடைத்த கடல் அனிமோனுக்கு மாறியிருந்தனர். சிறிதளவு நஞ்சுக்குப் பழகிய உடல் பின்னர் அதைத் தாங்கும் என்பதே பாஸ்டருக்குப் பிந்தைய மருத்துவத்தின் நம்பிக்கை. இங்கே பழக்கமே கொன்றது.

1902 பிப்ரவரியில் இந்நிகழ்வுக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. கிரேக்கத்தில் 'ஃபிலாக்சிஸ்' என்றால் காவல். எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் 'அஃபிலாக்சிஸ்' என்றே வரவேண்டும். அதன் ஒலி பிடிக்காததால் ரிஷே 'அனஃபிலாக்சிஸ்' என்று மாற்றினார் என்பர். 'அன' என்பதற்குக் கிரேக்கத்தில் 'மேலே', 'மீண்டும்' முதலிய பொருள்கள் உண்டு. அது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு அன்று. இலக்கணப்படி ஐயத்திற்குரிய அச்சொல்லே நிலைத்தது. 1913-இல் நோபல் பரிசு ரிஷேவுக்கு மட்டும் கிடைத்தது, போர்த்தியேவுக்கு இல்லை.

1906-இல் வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட குழந்தைகளிடம் அவர் கண்ட மாற்றங்கள் அதற்கு அடிப்படை. மாறிய எதிர்வினை என்பதே அதன் பொருள். நோய்த்தடுப்பும் அதில் அடங்கும். பின்னாளில் அது தீங்கை மட்டும் குறிக்கச் சுருங்கியது.

இச்சொல்லுக்குத் தமிழில் வழங்கும் 'ஒவ்வாமை' அழகிய ஆக்கம்தான். ஆனால் கத்தரிக்காய் தின்றபின் வரும் அரிப்பும், குளவி கொட்டியபின் வரும் உயிர்ப்போராட்டமும் அதே பெயரில் அடங்கிவிடுகின்றன. 'தீவிர' என்ற அடைமொழி அளவின் வேறுபாட்டைச் சொல்கிறதே தவிர, தன்மையின் வேறுபாட்டைச் சொல்வதில்லை. அரிப்பு மாத்திரை போட்டுக் காத்திருக்கும் வழக்கத்தில் இப்பெயருக்கும் பங்குண்டு எனக் கருத இடமிருக்கிறது. அம்மாத்திரை தடிப்பைத் தணிக்கலாம். வீங்கும் தொண்டையைத் திறக்காது, சரியும் இரத்த அழுத்தத்தை உயர்த்தாது.

இவ்விரண்டையும் செய்யும் மருந்து அட்ரினலின். ரிஷே கப்பலேறிய அதே 1901-இல்தான் அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்த முறையை ஜோகிச்சி தக்காமினே வெளியிட்டார். ஆயினும் இவ்விரு கண்டுபிடிப்புகளும் உடனே இணையவில்லை. இன்று அதுவே முதல் மருந்து: தொடையின் வெளிப்புறத் தசையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு உச்ச அளவு 0.5 மில்லிகிராம், குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடங்களில் மீண்டும் ஒருமுறை. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுபவர் உட்காரலாம், திடீரென எழுந்து நிற்கக் கூடாது. அறிகுறிகள் தணிந்தபின் சில மணிநேரம் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால், ஊசிக்குப் பின்னும் மருத்துவமனையில் கண்காணிப்பு தேவைப்படுகிறது.